‘மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி’: சென்னை வாடகைக் குடியிருப்பும் வாடகைதாரர் உரிமையும் – கோபாலபுரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் வாடகைக் குடியிருப்பை 1960, 2017 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட இரண்டு தமிழ்நாட்டுச் சட்டங்கள் அடுத்தடுத்து நெறிப்படுத்தி வந்துள்ளன. முன்னது ஒப்பந்தத்தையும் மீறி வாடகைதாரருக்குக் காப்பளித்தது. பின்னது ஒப்பந்தத்தையே உரிமையின் ஊற்றாகக் கொண்டது. இரண்டுமே வீட்டுக்குள் குடியேறிவிட்டவரைப் பற்றிப் பேசுவன. வீடு கேட்டு வாசலில் நிற்பவரை இரண்டும் காணவில்லை. சாதி, மதம், உணவு, மண நிலை ஆகியவற்றைக் காட்டி வீடு மறுக்கப்படுவதைத் தடுக்கும் கூறுகள் இந்தியச் சட்டங்களிலேயே சிதறிக் கிடக்கின்றன என்பதையும், அவற்றை வாடகைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்கான முதல் படி வாடகை விளம்பரமாகவே இருக்க இயலும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வாடகை, குடிக்கூலி, முன்பணம், நியாய வாடகை, வாடகைதாரர் உரிமை, கோபாலபுரம், குடியிருப்புப் பாகுபாடு

முன்னுரை

செழியன் இயக்கிய ‘டு லெட்’ திரைப்படம் 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்று, 2019 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. தகவல் தொழில்நுட்பத் துறையின் வருகையால் வாடகை ஏறிக்கொண்டிருந்த 2007ஆம் ஆண்டுச் சென்னையில், குடியிருக்கும் வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்பட்ட ஒரு சிறு குடும்பம் வேறு வீடு தேடி அலைவதே அதன் கதை. அதே மாதம் 22ஆம் நாள், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தது தற்செயல். அந்தக் குடும்பத்தை வீட்டு வாசல்தோறும் எதிர்கொண்ட கேள்விகளுள் ஒன்றைக்கூட அச்சட்டம் தொடவில்லை என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

கோபாலபுரம் என்றதும் தமிழக அரசியலை அறிந்தவர்க்கு ஒரே ஒரு வீடுதான் நினைவுக்கு வரும். ஆனால் இராயப்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவே அமைந்த இச்சிறு பகுதி, வாடகைக் குடியிருப்பைப் பயில்வதற்கு வேறொரு வகையில் பொருத்தமானது. அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாறிய பின்னும் பலர் வாயில் லாயிட்ஸ் சாலையாகவே வழங்கும் சாலை இதன் வழியே செல்கிறது. ஒருபுறம் பீட்டர்ஸ் சாலையில் நியூ கல்லூரி. மறுபுறம் கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. நடந்து செல்லும் தொலைவில் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை. பகுதிக்குள்ளேயே பெயர்பெற்ற பள்ளிகள். மாணவர், செவிலியர், ஆய்வாளர், பிள்ளைகளின் பள்ளிக்காகக் குடிவரும் குடும்பத்தினர் எனப் பலரும் இங்கு வீடு தேடுகின்றனர். தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்களாக எழும் இடமும் இதுவே. பழைய உரிமையாளர் ஒரு தளத்தில் குடியிருந்துகொண்டு மற்றொரு தளத்தை வாடகைக்கு விடுவது இங்குப் பரவலாகக் காணப்படும் அமைப்பு. இவ்வமைப்பின் முக்கியத்துவம் கட்டுரையின் இறுதியில் புலப்படும்.

இது எண்ணிக்கை சார்ந்த கள ஆய்வு அன்று. இரு சட்டங்களையும் சில தீர்ப்புகளையும் வாசித்து, கட்டுரையாளர் இப்பகுதியில் வீடு தேடியபோது கண்டவற்றோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி.

சொல்லும் பொருளும்

வீட்டு வாடகைக்குத் தமிழில் ‘குடிக்கூலி’ என்னும் சொல் இருந்தது. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. பேச்சு வழக்கில் ‘குடக்கூலி’. வாடகை என்பது வண்டிக்கும் உண்டு, பாத்திரத்துக்கும் உண்டு. குடிக்கூலி வீட்டுக்கு மட்டுமே உரியது. அச்சொல் மறைந்து ‘வாடகை’ நிலைபெற்றபோது, வீட்டில் வாழ்வதும் ஒரு பொருளைச் சில நாள் எடுத்துப் பயன்படுத்துவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. சட்டத்தின் போக்கும் ஏறத்தாழ இதே திசையில்தான் சென்றது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளின் ‘ஒண்டுக்குடித்தனம்’ இன்னொரு சொல். ஒரே வாசல், ஒரே கிணறு, பல குடும்பங்கள். ‘ஒண்டுதல்’ என்னும் வினையிலேயே இடம் கொடுத்தவர் தயவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருந்தொகை ஒன்றை முன்னதாகக் கொடுத்து மாத வாடகையின்றி இருப்பதைப் போக்கியம் என்றும், தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும் சொல்வர். சென்னை அதை ‘லீஸ்’ என்கிறது. சட்டம் ‘லீஸ்’ என்று சொல்வது குத்தகையை. ஒரு சொல் தெருவில் ஒன்றையும் நீதிமன்றத்தில் வேறொன்றையும் குறிக்கும்போது, கையொப்பம் இடுபவர் எதற்கு இடுகிறார் என்ற ஐயம் எழுவது இயல்பு.

‘வீட்டுக்காரர்’ என்னும் சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். வீட்டு உரிமையாளரையும் கணவரையும் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுகிறது. கோபாலபுரத்தில் ஒரு வீட்டின் மாடிப் பகுதிக்காகக் கட்டுரையாளர் சென்றபோது, கதவைத் திறந்த முதிய பெண்மணியிடம் “வீட்டுக்காரர் இருக்காங்களா?” என்று கேட்க, அவர் “நான்தான். உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று திருப்பிக் கேட்டார். ‘இல்லை’ என்ற விடையோடு அந்த உரையாடல் முடிந்தது.

போர்க்காலத்தில் பிறந்த காப்பு

சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போரின் குழந்தை. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிறப்பிக்கப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் போர் முடிந்ததும் 1946ஆம் ஆண்டுச் சட்டமாயின. 1949இல் அது மாற்றியமைக்கப்பட்டு, இறுதியில் 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமாக, அதாவது தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது, பெயரும் ஆண்டும் மாறி, எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அச்சட்டத்தின் அடிப்படை எளியது. வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், உரிமையாளரோ வாடகைதாரரோ வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் விண்ணப்பித்து நியாய வாடகையை நிர்ணயிக்கச் செய்யலாம். ஒப்பந்தக் காலம் நடப்பில் இருக்கும்போதும் இது பொருந்துமா என்ற கேள்வி ராவல் அண்டு கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொருந்தும், நிர்ணயிக்கப்படும் வாடகை ஒப்பந்த வாடகையை விடக் கூடவும் குறையவும் செய்யலாம் என்று 1970களின் தொடக்கத்தில் தீர்ப்பாயிற்று. வெளியேற்றமும் அவ்வாறே. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. வேண்டுமென்றே வாடகை கொடுக்காமை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் எனச் சட்டம் சொல்லும் காரணங்களுள் ஒன்றை மெய்ப்பித்தாக வேண்டும்.

இச்சட்டம் வாடகையை உறையவைத்து உரிமையாளரை வறியவராக்கியது என்பது இன்று பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. மும்பையைப் பொறுத்தவரை அதில் உண்மையுண்டு. பல்லாண்டுகளுக்கு முந்தைய வாடகையையே அளவுகோலாகக் கொண்ட பம்பாய்ச் சட்டத்தின் பிரிவுகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று உச்ச நீதிமன்றமே 1997இல் கூறியது. தமிழ்நாட்டுச் சட்டம் அத்தகையதன்று. நிலத்தின் சந்தை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும் கூட்டி, அத்தொகையில் ஆண்டுக்கு 9 விழுக்காட்டை (குடியிருப்பு அல்லாதவற்றுக்கு 12 விழுக்காட்டை) நியாய வாடகையாகக் கொள்ளச் சொன்னது அது. நில மதிப்பு ஏறினால் நியாய வாடகையும் ஏறும். எடுத்துக்காட்டாக, இவ்வகையில் ஒரு வீட்டின் மொத்த மதிப்பு 50 லட்சம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டால், ஆண்டு வாடகை நாலரை லட்சம்; மாதத்துக்கு ரூ.37,500. கோபாலபுரம் போன்று நில மதிப்பு பாய்ந்தேறிய பகுதிகளில், வாடகைதாரரைக் காக்க உருவான ‘நியாய வாடகை’ உரிமையாளரின் கைக்கருவியாகவும் பயன்பட்டது. நியாய வாடகைக்கு ஒரு மனு. உயர்த்தப்பட்ட தொகை கட்ட இயலாதபோது, வாடகை பாக்கிக்காக வெளியேற்ற மனு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சிறுவழக்கு நீதிமன்றத்தின் வழக்கறிஞர்களுக்கு இவ்விரண்டு படிகளும் நன்கு பழகியவை.

ஆகவே அச்சட்டத்தின் உண்மையான குறை வாடகைத் தொகையில் இல்லை, காலத்தில் இருந்தது. ஒரு மனு, ஒரு மேல்முறையீடு, ஒரு சீராய்வு என வழக்கு ஒரு தலைமுறை நீளும். பணி ஓய்வு பெற்று, ஒரே ஒரு வீட்டின் வாடகையை ஓய்வூதியம்போல் நம்பியிருந்த உரிமையாளர் பலர் இதில் சிக்கினர். ‘ஒருமுறை உள்ளே விட்டால் வெளியே போகமாட்டார்கள்’ என்னும் அச்சம் அவர்களிடமிருந்து வந்ததே. அதை வெறும் பேராசை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. வீட்டைப் பூட்டி வைப்பது மேல் என்று எண்ணியோரும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது.

அச்சத்துக்கு உரிமையாளர்கள் கண்ட மருந்து பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுச் சட்டப்படி பதியப்பட வேண்டும் என்பதால் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டனர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அந்தப் பதினொரு மாதத்துக்கு வெளியேற்றும் வலிமை கிடையாது என்பது வேறு. இருவரும் அதற்கு வலிமை இருப்பதாகவே நம்பி நடந்துகொண்டனர்.

பத்து மாத முன்பணம்

சென்னையின் ‘அட்வான்ஸ்’ தனித்துக் கவனிக்கத்தக்கது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதைத் தடுத்தது. நகரமோ பத்து மாத வாடகையை வாங்கிக்கொண்டிருந்தது. சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இடையே இவ்வளவு அகன்ற இடைவெளி வேறு எந்தப் பிரிவிலும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் அந்தப் பிரிவு உயிரற்றதாக இருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்டு உரிமையாளர் வைத்திருக்கும் தொகை வாடகைதாரருடையதே. அது வாடகை பாக்கியை ஈடுசெய்யப் போதுமானதாக இருக்கும்போது அவரை வேண்டுமென்றே வாடகை கொடுக்காதவர் என்று வெளியேற்ற முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. பத்து மாத முன்பணம் கொடுத்தவர்க்கு, நோயிலோ வேலையிழப்பிலோ சில மாத வாடகை தவறினாலும், அந்தப் பணமே கேடயமாக நின்றது. மீறப்பட்ட சட்டம் மீறப்பட்டவருக்குத் துணைநின்ற அரிய இடம் இது.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை பெறுவது சட்டவிரோதம் என்கிறது. ஒரு மாதம் மூன்றாயிற்று. நடைமுறைக்கு நெருங்கி வந்த வரம்பு என்று வரவேற்கலாம். செய்தித்தாள்களும் அப்படித்தான் வரவேற்றன. ஆனால் அந்த வாக்கியம் ‘மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்னும் பொருள்படும் தொடருடன் தொடங்குகிறது. ஒப்பந்தத்தை எழுதுபவர் உரிமையாளர். பல வேளைகளில் தரகர் வைத்திருக்கும் அச்சுப் படிவத்தில் பெயரும் தொகையும் மட்டும் நிரப்பப்படுகின்றன. அப்படிவத்தில் ‘பத்து மாதம்’ என்று இருந்துவிட்டால் அதுவே மாறான ஒப்பந்தம். முன்பு சட்டத்துக்கு எதிராக வாங்கப்பட்ட தொகை இப்போது சட்டத்தின் அனுமதியோடு வாங்கப்படுகிறது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு அளித்த கேடயம் நின்ற தரையும் இதனால் கரைந்தது.

ஆய்வாளர்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். மாதம் 25,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பத்து மாத முன்பணம் இரண்டரை லட்சம். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ.37,000. உண்ணாமல் உடுக்காமல் ஏறத்தாழ ஏழு மாதம் சேர்த்தால்தான் முன்பணம் கைக்கு வரும். அந்த உதவித்தொகையும் இல்லாத ஆய்வாளரே மாநிலப் பல்கலைக்கழகங்களில் மிகுதி.

ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே உச்சவரம்பு என்கிறது. மாறான ஒப்பந்தத்துக்கு அங்கே இடமில்லை. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அந்த மாதிரியின் முந்தைய வரைவை ஒட்டி எழுதப்பட்டது; வரைவு திருந்தியபின் சட்டம் திருந்தவில்லை. மாதிரிச் சட்டம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. எனினும் ஒரே ஒரு தொடரை நீக்கும் திருத்தத்துக்குப் புதிய கொள்கை எதுவும் தேவைப்படாது.

முன்பணத்தைத் திருப்பித் தருவதிலும் ஒரு முரண் உண்டு. வீட்டைக் காலிசெய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு, மீதியைத் தந்துவிட வேண்டும் என்பது சட்டம். ‘பெயின்ட் அடிக்க ஒரு மாதம்’ கழிப்பது சென்னை வழக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அட்டவணையைப் படித்துவிட்டு வாதாடிய கட்டுரையாளருக்கு முன்பு குடியிருந்த வீட்டில் கிடைத்த விடை: “சட்டமெல்லாம் சரிம்மா, ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

தாள் இல்லாதவர்

புதிய சட்டத்தின் உயிர்நாடி எழுத்து ஒப்பந்தம். எத்தனை மாதத்துக்கானதாயினும் ஒப்பந்தம் எழுதப்பட்டு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும். தகராறுகளுக்கு வாடகை நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயமும் அமைக்கப்பட்டன. குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாச் சேவைகளை நிறுத்தி வாடகைதாரரை விரட்டுவது தடைசெய்யப்பட்டது. அதிகாரி உடனடியாக ஆணையிடலாம். இக்கடைசிப் பிரிவு மெய்யான நன்மை.

சிக்கல் 21ஆம் பிரிவில் உள்ளது. வீட்டை மீட்பதற்கான காரணங்களுள் முதலாவதாக அது சொல்வது, சட்டம் கேட்கும் எழுத்து ஒப்பந்தத்தை இருவரும் செய்துகொள்ளத் தவறியதை. தவறு இருவருடையதாயினும் விளைவு ஒருவருக்கே. வாய்மொழியாகப் பல்லாண்டு குடியிருந்தவரிடம் உரிமையாளர் எழுத்து ஒப்பந்தத்துக்கு வராமல் இருந்தாலே போதும். அவருடைய செயலின்மை அவருக்கே காரணத்தைத் தேடித்தரும். வரி அலுவலகத்தின் பார்வைக்கு வாடகை வருவாய் போகும் என்று தயங்கிப் பதிவைத் தவிர்ப்பவரும் உரிமையாளரே. வீட்டுப் பணியாளர், காவலாளி, சிறுகடை ஊழியர் என இப்பகுதியின் பின்சந்துகளில் ஓர் அறையில் வாழ்வோரிடம் தாள் எதிர்பார்ப்பது கடினம். முந்தைய சட்டம் தாள் இல்லாதவரையும் வாடகைதாரர் என்றே கொண்டது.

கோயில் நிலங்களில் குடியிருப்போர் நிலை வேறு. மயிலாப்பூரில் அது பெரிய செய்தி. 1921ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், அறநிலையத் துறை நிர்ணயிக்கும் வாடகை எனத் தனி வரலாறு அதற்கு உண்டு, தனிக் கட்டுரைக்குரியது.

வாசலில் நிற்பவர்

இதுவரை சொன்னவை உள்ளே இருப்பவரைப் பற்றியவை. ‘டு லெட்’ பலகைக்கு முன் நிற்பவருக்கு வருவோம்.

பலகைகளின் மொழி சுருக்கமானது. ‘வெஜிடேரியன் ஒன்லி’, ‘ஃபேமிலி ஒன்லி’, ‘சைவம் மட்டும்’. சாதியோ மதமோ பெயரளவில் எங்கும் இராது. உணவின் பெயரால் கேட்கப்படுவது உணவு மட்டுமன்று என்பதைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. சைவ உணவு உண்ணும் ஓர் இசுலாமிய மாணவர் அப்பலகையைக் கண்டு துணிந்து மணியை அழுத்துவாரா என்று எண்ணிப் பார்த்தால் போதும். தொலைபேசியில் கேள்விகள் சற்று விரியும். “சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? அப்பா பேரு?” ஊரும் தெருவும் தந்தை பெயரும் சேர்ந்தால் கேட்கப்படாத கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மறுப்பும் மறுப்பாக வருவதில்லை. “இப்பதான் ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்.” மறுவாரமும் பலகை அங்கேயே தொங்கும்.

தலைநகர் தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட் முதலியோர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, வீடு தேடுவோராக வெவ்வேறு பெயர்களில் அணுகியபோது தலித்துகளும் இசுலாமியரும் கூடுதலாக மறுக்கப்பட்டதை வெளிப்படுத்தியது. சென்னையிலும் அம்முறையில் ஓர் ஆய்வு நடத்தத்தக்கது. தமிழ்த்துறைகள் இதை எடுத்துக்கொள்ளலாம். பெயரும் ஊரும் பேச்சுவழக்கும் எவற்றைச் சுட்டுகின்றன என்பது நம் புலத்துக்கு உரியதுதான்.

அரசமைப்புச் சட்டம் இங்கு எவ்வளவு உதவும்? எப்பகுதியிலும் வசிக்கும் உரிமை 19ஆம் உறுப்பிலும், உறைவிட உரிமை 21ஆம் உறுப்புக்குத் தீர்ப்புகள் தந்த விரிவிலும் உண்டு. அவை பெரிதும் அரசை நோக்கியவை. தனியாரையும் கட்டுப்படுத்தும் 15(2)ஆம் உறுப்பு, கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிட்டு வாடகை வீட்டைச் சொல்லாமல் விடுகிறது. 2005இல், உறுப்பினர் உரிமையைப் பார்சியருக்கு மட்டும் என்று வரையறுத்த குசராத்தின் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சங்கம் சேரும் உரிமைக்கு அத்தீர்ப்பு முதலிடம் தந்தது. அதன் நிழல் இன்றும் பல அடுக்ககச் சங்கங்கள்மேல் விழுகிறது.

சட்டம் ஏற்கெனவே நுழைந்த வீடுகள்

‘என் வீடு, யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்’ என்னும் வாதம் வலுவானதாகத் தோன்றும். ஆனால் இந்தியச் சட்டம் அதை முழுமையாக ஏற்றதில்லை. குடியிருப்புப் பாகுபாட்டைப் பற்றிய நம் விவாதங்களில் இது போதிய கவனம் பெறாதது வியப்பளிக்கிறது.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் எப்பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதையோ பெறுவதையோ அதில் வசிப்பதையோ தடுப்பதைக் குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், செயல் தீண்டாமையின் பேரில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. எச்ஐவி தொற்றுள்ளோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, சொத்தில் வசிக்கவோ அதை வாங்கவோ வாடகைக்குப் பெறவோ உள்ள உரிமையை மறுப்பதை எவரும் செய்யலாகாது என்றது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 3ஆம் பிரிவில் அதே தடையை விதித்தது. ‘வாடகைக்குப் பெறுதல்’ என்பது இவ்விரு சட்டங்களிலும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. அரசு நிறுவனம், தனியார் என்ற வேறுபாடும் இல்லை.

எனவே தனியார் வீட்டு வாசலுக்குள் பாகுபாட்டுத் தடை நுழையலாமா என்பது இனிக் கேள்வியன்று, நுழைந்துவிட்டது. எஞ்சும் கேள்வி, மதமும் பொதுவாகச் சாதியும் மண நிலையும் உணவும் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்பதே. இம்மூன்று சட்டங்களும் வாடகைச் சட்டத்தோடு தொடர்பின்றி வேறு வேறு இடங்களில் இருப்பதால், வாடகை அதிகாரியின் மேசைக்கு அவை வருவதில்லை. வீடு மறுக்கப்பட்டவர் ஒரு திங்கட்கிழமைக்குள் வேறு வீடு பார்த்தாக வேண்டும். காவல் நிலையத்துக்கும் குற்றவியல் வழக்குக்கும் அவரிடம் நேரமும் இராது, மெய்ப்பிக்கச் சான்றும் இராது.

விளம்பரத்திலிருந்து தொடங்குதல்

சான்று இல்லாமை என்னும் இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கச் சட்டம் தந்த ஒரு விடை நமக்குப் பயன்படும். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாயக் குடியிருப்புச் சட்டம் அங்கே கையொப்பமாயிற்று. இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதை அது தடுத்தது. பாலினமும் குடும்ப நிலையும் மாற்றுத்திறனும் பின்னர் சேர்ந்தன. உரிமையாளர் தாமும் ஒரு பகுதியில் குடியிருக்கும், நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத கட்டடங்களுக்கு அச்சட்டம் விலக்களித்தது. வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடும் ஏழைக் கைம்பெண்ணைச் சட்டம் துன்புறுத்தலாகாது என்பது அப்போதைய வாதம். ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு இல்லை. சிறு கட்டடத்தின் உரிமையாளர் தம் மனத்துக்குள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். இன்னாருக்குத்தான் வீடு என்று எழுதி அறிவிக்கக் கூடாது.

கோபாலபுரத்தின் அமைப்பை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் உரிமையாளர், மாடியில் வாடகைதாரர் என்னும் வீடுகளுக்கு முழுத் தடையை ஒரே நாளில் விதிப்பது எதிர்ப்பையே விளைவிக்கும். முதியவர் தனியே வாழும் வீட்டில் அவருடைய அச்சத்துக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் மறுக்கவில்லை. ஆனால் பலகை தெருவில் தொங்குவது. நாளிதழின் வரி விளம்பரமும், வீடு தேடும் செயலிகளில் ‘சைவம் மட்டும்’ என்று வடிகட்டும் பொத்தானும் பொதுவெளியில் உள்ளவை. இவற்றுக்குச் சான்று தேட வேண்டியதில்லை, அவையே சான்று. தடை விதித்தால் முதலில் கட்டுப்படுபவர் முதிய உரிமையாளர் அல்லர், அப்பொத்தானை வடிவமைத்த நிறுவனம்.

பலகை போய்விட்டால் பாகுபாடு தொலைபேசிக்குள் ஒளிந்துகொள்ளும் என்று சொல்லப்படலாம். ஒளியும். ஆனால் இன்று வீடு தேடுவோர் பலர், பலகையைப் படித்ததுமே கேட்காமல் திரும்பிவிடுகின்றனர். மணியை அழுத்தும் அளவுக்காவது வாசல் திறந்திருந்தால், நேரில் கண்டு பேசியபின் மனம் மாறிய உரிமையாளர்களையும் இப்பகுதியில் காண முடிகிறது. கட்டுரையாளர் இப்போது குடியிருக்கும் வீடு அவ்வாறு கிடைத்ததே. அதன் பலகையிலும் ‘ஃபேமிலி ஒன்லி’ என்றுதான் எழுதியிருந்தது.

நிருவாக நோக்கில் இதற்குப் புதிய அமைப்பு வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரி ஏற்கெனவே பணியில் இருக்கிறார். ஒப்பந்தப் பதிவுக்கென இணையதளமும் இயங்குகிறது. இன்றியமையாச் சேவை நிறுத்தப்பட்டால் முறையீடு பெறும் அதே அலுவலர், பாகுபாடு காட்டும் விளம்பரத்தின் மீதும் முறையீடு பெற்று, விளக்கம் கேட்டு, தண்டத்தொகை விதிக்கலாம். சட்டத்தில் ஒரு பிரிவு கூட வேண்டும். 11ஆம் பிரிவில் ஒரு தொடர் குறைய வேண்டும். 21ஆம் பிரிவில், ஒப்பந்தம் எழுதத் தவறியது உரிமையாளரால் எனில் அது வெளியேற்றக் காரணமாகாது என்று ஒரு வாக்கியம் சேர வேண்டும். மூன்றும் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை.